ஊர்ச்சண்டைய ஊரே நடிச்சுப் பாக்கிறது எப்பிடி

ஒவ்வொரு வருசமும் செப்ரெம்பர் 21, சர்வதேச சமாதான தினம், கிட்ட வரேக்க எங்கட பக்கத்துப் பெடியள் ஆராவது ஃபோன் எடுத்து "அண்ணை ஒரு சமாதான நாடகம் போடோணும், இருவது நிமிசம், எப்பிடிச் செய்யிறது" எண்டு கேப்பினம். அவையிட்ட இருக்கிற கதை எப்பவும் கிட்டத்தட்ட ஒண்டுதான். ரெண்டு பேர் சண்டை பிடிப்பினம், வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளை புறாவோட வரும், ரெண்டு பேரும் கை குடுப்பினம், பாட்டோட முடியும். சனம் கை தட்டும். அடுத்த நாள் அதே சனம் வாய்க்கால் கட்டில நிண்டு தண்ணிக்கு அடிபடும், ஏனெண்டா மேடையில அந்த ரெண்டு பேரும் ஏன் கை குடுத்தவை, அதுக்கு முதல் எதை விழுங்க வேண்டி வந்தது எண்டு ஒருத்தரும் காட்டேல்ல.

நான் முல்லைத்தீவுப் பக்கம் கன வருசமா இந்த வேலையில நிக்கிறன். கேக்கிற எல்லாருக்கும் நான் சொல்லுறது இதுதான்: சமாதானத்தப் பற்றி நாடகம் போடாதேங்கோ, உங்கட ஊரில உண்மையா நடக்கிற சண்டையப் பற்றிப் போடுங்கோ, ஆனா முடிவ மட்டும் நீங்கள் எழுதாதேங்கோ. அதை பாக்க வந்த சனத்தின்ர கையில விட்டிடுங்கோ. எப்பிடி விடுறது எண்டுதான் கீழ எழுதியிருக்கிறன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்து வாசியுங்கோ.

இந்த முறைக்கு ஃபோரம் தியேட்டர் எண்டு பேர், தமிழில விவாத அரங்கு எண்டும் சொல்லுவினம். பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால் எண்டவர்தான் இதைத் தொடக்கினது. 1971ல அந்த நாட்டு இராணுவ ஆட்சி அவரைப் பிடிச்சு சித்திரவதை செய்து நாட்டை விட்டே போகப் பண்ணினது, பிறகு 1973ல பெரு நாட்டில எழுத்தறிவு வேலை செய்யேக்க ஒரு நாள் நாடகம் பாத்துக்கொண்டிருந்த மனுசி ஒராள், தான் சொன்னத நடிகர் சரியா நடிக்கேல்ல எண்டு தானே மேடைக்கு ஏறி நடிச்சுக் காட்டினவ, அதிலயிருந்துதான் பாக்கிற ஆளும் நடிக்கலாம் எண்ட யோசனை வந்தது. போவால் செத்தது 2009 மே 2. அந்தக் கிழமை போரின்ர கடைசி நாளுகள், எங்கட சனம் முள்ளிவாய்க்கால் மணலில பங்கருக்க இருந்தது. எனக்கு அந்தத் திகதிய வாசிச்ச நாள் தொடக்கம் மறக்கேலாமப் போச்சு.

சரி வேலைக்கு வருவம்.

ஆக்கள் எட்டுப் பேரிலயிருந்து பன்ரண்டு பேர் வரைக்கும் போதும். நல்லா நடிக்கிறவையத் தேடித் திரியாதேங்கோ, பள்ளிக்கூடத்தில எப்பவும் பரிசு வாங்கிற பிள்ளைய மட்டும் சேர்த்தா அது குரலை ஏத்தி இறக்கி வசனம் பேசும், ஊர் தெரியாது. வயல் செய்யிற ஒராள், கடலுக்குப் போற ஒராள், மாதர் சங்கத்தில ஒரு அக்கா, ஓ.எல் எழுதிப்போட்டு வீட்டில நிக்கிற பெடியன், ஒரு அம்மம்மா, இப்பிடிக் கலந்து இருக்கோணும். முக்கியமா ஊரில ரெண்டு பக்கம் இருந்தா, ரெண்டு பக்கத்தாலயும் ஆள் வேணும். கோயில் ஒண்டு, சாதி ஒண்டு, கரை ஒண்டு எண்டு எங்கட ஊருகளில பக்கத்துக்குக் குறைவில்ல, அதை இல்லாத மாதிரி நடிச்சுக்கொண்டு சமாதான வேலை செய்யேலாது.

காலபோகம் வெட்டி முடிஞ்ச பிறகு, மாசி பங்குனியில தொடங்குங்கோ, விதைக்கிற நேரமும் வெட்டிற நேரமும் ஒருத்தரும் வர மாட்டினம். நேரம் பின்னேரம் மூண்டரை. இருட்ட முதல் முடிச்சிடோணும், யானை வாற பாதையில பொம்பிளையளும் பிள்ளையளும் இருட்டுக்க நடந்து போக வைக்கிறது பாவம். இடம் பொதுநோக்கு மண்டபம் எண்டா கதிரையள அடுக்கி வச்சிட்டுக் கீழ பாய் விரியுங்கோ, மரத்தடி எண்டா இன்னும் நல்லம். விதானையாருக்கும் (கிராம அலுவலருக்கும்) கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் முதலே ஒரு கடிதம் குடுத்திடுங்கோ. எங்கட பக்கம் நாலு பேர் கூடி நிண்டா ஆராவது வந்து என்ன நடக்குது எண்டு கேக்கிற இடம், அப்ப காட்டுறதுக்கு ஒரு துண்டு கையில இருந்தா வந்த சனம் பயப்பிடாது.

முதல் நாள் "உங்கட பிரச்சினை என்ன" எண்டு கேக்காதேங்கோ. எத்தினையோ நிறுவனம் வந்து அந்தக் கேள்வியக் கேட்டு எழுதிக்கொண்டு போயிற்றுது, சனத்துக்கு அதுக்கு ஒரு ரெடிமேட் பதில் இருக்கு, தண்ணி இல்ல றோட்டு இல்ல எண்டு சொல்லிப்போட்டு பேசாம இருப்பினம். பதிலா சிலை செய்யச் சொல்லுங்கோ. ஒராள் சிற்பி, மற்ற மூண்டு பேர் களிமண். வாயால ஒண்டும் சொல்லக் கூடாது, கையப் பிடிச்சு, தலையத் திருப்பி, முட்டுக்கால மடிச்சு, தன்ர மனசில இருக்கிற ஒரு காட்சிய அவையின்ர உடம்பில செய்யோணும்.

ஒருக்கா ஒரு பிள்ளை, பதினாறு வயசு இருக்கும், இப்பிடி ஒரு சிலை செய்தது. ஒரு அண்ணைய நிலத்தில இருத்தி, தலையக் குனிய வச்சு, கையில ஒரு வெறும் போத்தலக் குடுத்தது. ஒரு அக்காவ அவருக்கு முதுகு காட்டி நிக்க வச்சு, இடுப்பில குடம் இருக்கிற மாதிரிக் கைய வளைச்சு விட்டது. மூண்டாவதா, தன்ர இடத்துக்கு ஒரு சின்னப் பெட்டைய வச்சுது, அவள் கதவடியில நிக்கிறாள், ஒரு கை கதவுக் கொண்டியில. அந்தப் பிள்ளையின்ர பெருவிரல மட்டும் மூண்டு தரம் சரி செய்தது, கொண்டியத் திறக்கப் போறாளா பூட்டப் போறாளா எண்டு தெரியாத மாதிரி வரும் வரைக்கும். ஒருத்தரும் கதைக்கேல்ல. நான் கேட்டன், இதில ஒராள ஒரேயொரு அசைவு அசைக்கலாம் எண்டா ஆரை அசைப்பாய் எண்டு. நாங்கள் எல்லாரும் தகப்பனின்ர கையில இருக்கிற போத்தலத்தான் எடுக்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தம். அது போய்த் தாயின்ர முகத்தத் திருப்பி மகளப் பாக்க வச்சுது, அவ்வளவுதான். வீட்டு வன்முறையப் பற்றி எத்தினை போஸ்டர் ஒட்டியிருப்பம், அதில ஒண்டிலயும் இது இருக்கேல்ல.

இப்பிடி ரெண்டு மூண்டு நாள் சிலை செய்தா கதை தானா வரும். வாற கதையளில எது எல்லாருக்கும் பொதுவா இருக்கோ, எது இப்பவும் நடந்துகொண்டு இருக்கோ அதை எடுங்கோ. வாய்க்கால் தண்ணி முறை, காணி எல்லை, கசிப்பு எண்ட கள்ளச் சாராயம், லோன் காசு கட்ட ஏலாம வீட்டில நடக்கிற அடிபிடி, பெடியளின்ர குறூப் சண்டை, காதலிச்சுக் கலியாணம் கட்டின பிள்ளைய வீட்டில ஏத்தாதது, இதில ஏதோ ஒண்டு கட்டாயம் வரும்.

இந்த இடத்தில போர்க் கதையப் பற்றி ஒண்டு சொல்லோணும். ஆரையும் அதை நடிக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ. தானா வந்தா கேளுங்கோ, கிட்ட இருங்கோ, அழ விடுங்கோ, ஆனா அந்த ஆளை அந்த ஆளின்ர கதையிலயே நடிக்க விடாதேங்கோ. உளவளத்துணை செய்யிற ஒராளின்ர நம்பர் முதலே உங்களிட்ட இருக்கோணும், ஏலுமெண்டா அவ பயிற்சி நடக்கேக்க அங்கயே இருக்கட்டும். நான் இதை ஒரு பிழை விட்டுத்தான் படிச்சனான். தொடக்க காலத்தில ஒரு ஊரில நாடகம் போடேக்க ஒரு காட்சிக்கு சத்தம் வேணும் எண்டு மேடைக்குப் பின்னால வெறும் தகரப் பீப்பாவில கட்டையால ஓங்கி அடிச்சம், ஒரே ஒரு அடி. முன்வரிசையில இருந்த ஒரு அம்மா பக்கத்தில இருந்த பிள்ளைய, அது அவவின்ர பிள்ளை கூட இல்ல, இழுத்து நெஞ்சுக்குக் கீழ வச்சு நிலத்தோட படுத்திட்டா. அந்தப் பிள்ளை 2009க்குப் பிறகு பிறந்தது, அதுக்கு ஏன் எண்டு விளங்கேல்ல, சிரிச்சுது. அந்த அம்மாவுக்குத் தண்ணி குடுத்து வீட்ட கூட்டிக்கொண்டு போய் விட்டனாங்கள், பிறகு அவ எங்கட நாடகம் ஒண்டுக்கும் வரேல்ல. அதுக்குப் பிறகு எங்கட நாடகத்தில வெடிச்சத்தம் இல்ல, திடீரெண்டு லைற் நூக்கிறது இல்ல, விளையாட்டுத் துவக்கு கூட இல்ல. நீங்களும் அப்பிடியே செய்யுங்கோ.

அடுத்தது கூத்து. எங்களிட்ட இருக்கிறத விட்டிட்டு வெளியில தேடுறதில எனக்கு விருப்பமில்ல. முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து ஆடுறது, அந்த ஆட்டத்த முல்லைமோடி எண்டு சொல்லுறது, காத்தவராயன் சிந்துநடைக் கூத்தும் வன்னியில சனத்துக்கு வடிவாத் தெரியும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் கதைய யோசிச்சுப் பாருங்கோ. மதுரைய எரிச்ச கண்ணகி ஆத்தாமையோட இலங்கைக்கு வந்து, நந்திக்கடல் கரையில ஒரு கிழவியா இருக்கேக்க, மாடு மேய்க்கிற சின்னப் பெடியள் அவவுக்குப் பொங்கிக் குடுத்து, எண்ணெய் இல்லாம உப்புத் தண்ணியில விளக்கு எரிச்சவை எண்டு சொல்லுறது. இண்டைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு சிலாவத்தைக் கடலில தீர்த்தம் எடுத்து அந்த விளக்க எரிக்கினம். மட்டக்களப்புப் பக்கம் அதே அம்மனுக்குக் குளிர்த்தி செய்யினம், கோவத்தில இருக்கிற தெய்வத்தக் குளிரப் பண்ணுறது. அவவின்ர கோவம் பிழை எண்டு ஒரு பாட்டிலயும் இல்ல. அவவுக்கு அநியாயம் நடந்தது எண்டு ஊரே ஒத்துக்கொண்டு, பாடி, பொங்கி, குளிர வைக்குது. நான் சமாதான வேலை எண்டு நினைக்கிறது இதைத்தான். கோவமா இருக்கிற ஆளை வாயப் பொத்து எண்டு சொல்லுறத நான் அதில சேர்க்கிறேல்ல.

பயிற்சிக்கு இதை எப்பிடிப் பாவிக்கிறது எண்டா, முதல்ல ஒரு அண்ணாவியாரிட்ட, கூத்துப் பழக்கிறவரிட்ட, வெத்திலை பாக்கோட போய்க் கேளுங்கோ. கோயிலில ஆடுற கூத்தில கை வைக்க மாட்டம், தனியா ஒரு துண்டு பழகுறதுக்கு உதவி வேணும் எண்டு விளங்கப்படுத்துங்கோ, மரியாதையாக் கேட்டா அவை தங்கட மெட்டத் தருவினம், சில நேரம் தாங்களே மத்தளத்தோட வந்து இருப்பினம். பிறகு பாண்டியன் கோவலனக் கொல்லச் சொல்லுற இடம் வரைக்கும் ஆடுங்கோ. பொற்கொல்லன் பொய் சொல்லுறான், ராசா விசாரிக்காம கட்டளை போடுறான். அந்த வரியோட மத்தளத்த நிப்பாட்டுங்கோ. சுத்தி இருக்கிறவையப் பாத்துக் கேளுங்கோ, இப்ப இந்தச் சபைக்க ஒராள் போகலாம், ஆர் போறீங்கள், என்ன சொல்லுவீங்கள்?

நாங்கள் இதைச் செய்யேக்க முதல்ல போன பெடியன் ராசாவோட வாதாடினான், ராசாவா நிண்டவர் ஒரு முறை முறைச்சதோட அவன் அடங்கிப் போனான். ரெண்டாவதா ஒரு அக்கா பாண்டியனின்ர தேவியாப் போய், வழக்குப் பேசாம, "விடியட்டும், விடிஞ்ச பிறகு தீர்ப்புச் சொல்லுங்கோ" எண்டு மட்டும் கேட்டா. ராசாவா நிண்டவருக்கு மறுக்க வசனம் வரேல்ல. பிறகு இருந்து கதைக்கேக்க, பொலிசுக்கு ஓட முதல், கத்தியத் தூக்க முதல், ஒரு இரவு போக விட்டா எங்கட ஊரில எந்தெந்தச் சண்டை நடந்திருக்காது எண்டு சனம் தானே ஒவ்வொண்டா எடுத்துச் சொல்லத் தொடங்கிற்றுது.

இனி ஃபோரம் நடத்திற விதம். நாடகம் பத்துப் பன்ரண்டு நிமிசத்துக்கு மேல வேணாம். அது கெட்ட முடிவோட முடியோணும், அடி விழுற இடத்துக்கு ஒரு கணம் முதல் அப்பிடியே உறைஞ்சு நிக்கோணும். பிறகு நெறியாளர், போவால் அந்த ஆளை ஜோக்கர் எண்டு சொன்னவர், சீட்டுக்கட்டில எந்தப் பக்கமும் சேராத ஜோக்கர் மாதிரி, சனத்திட்ட வந்து கதைப்பார்: நாடகத்தத் திரும்பப் போடப் போறம், எந்த இடத்தில எண்டாலும் "நிப்பாட்டு" எண்டு கத்துங்கோ, வந்து ஒராளின்ர இடத்த எடுத்து வேற மாதிரிச் செய்து பாருங்கோ. அடிக்கிற ஆளின்ர இடத்த எடுக்க விடாதேங்கோ, "நான் திருந்திட்டன்" எண்டு ஒரு வசனத்தில முடிஞ்சு போகும், உண்மையில அந்த ஆள் திருந்தாது. அடி வாங்கிற ஆள், பக்கத்தில பாத்துக்கொண்டு நிக்கிற ஆள், இந்த ரெண்டு இடத்தையும்தான் மாத்தலாம். திடீரெண்டு லொத்தர் விழுந்தது, மந்திரி வந்தார், மழை பெய்தது எண்டு ஆராவது செய்தா சனத்திட்டயே கேளுங்கோ, இது எங்கட ஊரில நடக்குமோ எண்டு. அவையே இல்ல எண்டு சொல்லுவினம். மேடையில ஆரும் ஆருக்கும் உண்மையா அடிக்கக் கூடாது, கை ஓங்கினா நெறியாளர் கை தட்டி நிப்பாட்டோணும், இதுல விட்டுக்குடுப்பு இல்ல.

எங்கட தண்ணிச் சண்டை நாடகத்தில நடந்ததச் சொல்லுறன். மேல் வயல்காரன் இரவில வாய்க்கால மண் போட்டு மறிச்சுத் தன்ர பக்கம் திருப்புறான், கீழ் வயல்காரன் விடிய வந்து பாத்திட்டு மண்வெட்டிய ஓங்கிறான், உறைஞ்சு நிக்குது. ஒரு பெடியன் வந்து கமக்காரர் அமைப்பில முறைப்பாடு போடுவம் எண்டான், மேல் வயல்காரனா நடிச்சவர் "போடு, கூட்டம் அடுத்த மாசம்தான், அதுக்குள்ள உன்ர பயிர் கருகும்" எண்டார். சரியாத்தான் சொன்னார், அதால அந்த வழி அங்க நிண்டுபோச்சு. பிறகு எழுவது வயசுக்கு மேல வரும் ஒரு ஐயா, சால்வையக் கழட்டிப் பக்கத்தில இருந்தவரிட்ட குடுத்திட்டு எழும்பி வந்தார். நடிக்கிற பெடியனின்ர கையிலயிருந்து மண்வெட்டிய வாங்கி, ஓங்கேல்ல, கீழயும் போடேல்ல, மறிச்ச மண்ணில ஒரு பக்கத்த மட்டும் ஒரு சாண் அளவு வெட்டி விட்டார். வெட்டிப்போட்டு வரம்பில குந்தி இருந்து "உனக்கும் போகட்டும், எனக்கும் வரட்டும், நான் இதில இருக்கிறன், நீ படு" எண்டார். மேல் வயல்காரனா நடிச்சவருக்கு என்ன செய்யிறது எண்டு தெரியேல்ல, கொஞ்ச நேரம் நிண்டிட்டு அவரும் பக்கத்தில போய்க் குந்தினார். அந்த ஐயா உண்மையிலயே வேற ஒராளோட எட்டு வருசமா இதே தண்ணியால கதைக்கிறேல்ல, அந்த ஆளும் அண்டைக்குக் கூட்டத்தில பின்னுக்கு சைக்கிளப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். இது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

முடிஞ்ச உடன ஆரையும் கூப்பிட்டுக் கை குடுக்க வைக்காதேங்கோ. ஃபோட்டோவுக்கு நிக்க வைக்காதேங்கோ. மேடையில ஏறின ஆக்களின்ர முகத்தக் கேக்காம ஃபேஸ்புக்கில போடாதேங்கோ, வீட்டுக் கதைய நடிச்ச ஒரு பிள்ளைக்கு அதால வீட்டில அடி விழுந்தா நீங்கள் செய்த வேலைக்கு என்ன அர்த்தம். தேத்தண்ணி குடுங்கோ, சனம் தானா நிண்டு கதைக்கும், அதைக் கேளுங்கோ. ரெண்டு கிழமையால திரும்பப் போங்கோ. நான் போகேக்க அந்த ரெண்டு பேரும் தண்ணி விசயம் மட்டும் கதைக்கினம், கலியாண வீடு சாவீட்டுக்கு இன்னும் போறேல்ல எண்டு சொன்னவை. அவ்வளவு தூரம் வந்தது எனக்குச் சந்தோசம்தான்.

சிங்களப் பிள்ளையளோட சேர்ந்து செய்யிறதெண்டா இன்னும் கொஞ்சம் பொறுமை வேணும். வவுனியாப் பக்கம் இதுக்கு வசதி, ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். பராக்கிரம நிரியெல்ல ஆக்கள் தொடக்கின ஜன கரலிய, தமிழில மக்கள் களரி, ரெண்டு மொழி நடிகரையும் ஒரே குழுவில வச்சு, கழட்டிப் பூட்டுற கூடாரத்தோட ஊர் ஊராப் போய் நாடகம் போட்டவை, ஏலும் எண்டதுக்கு அது காணும். பிள்ளையளுக்கு இன்னொண்டும் சொல்லுங்கோ: 1956ல எதிரிவீர சரச்சந்திர போட்ட மனமே, சிங்கள நாடகத்தில பெரிய திருப்பம் எண்டு சொல்லுறது, அது நாடகம எண்ட ஆட்டமுறையில செய்தது, அந்த முறை எங்கட நாட்டுக்கூத்திலயிருந்து போனது. இதைப் பெருமை பேசச் சொல்லாதேங்கோ, மத்தளத்த நடுவில வச்சு ரெண்டு பக்கமும் ஒரே தாளத்தில கால் போட்டுப் பழக விடுங்கோ. எங்கட அருவி வெட்டுப் பாட்டும் அவையின்ர கொயம் கவியும் ரெண்டும் நெல் வெட்டேக்க பாடுறது, ஒருத்தரின்ரய மற்றாள் மொழிபெயர்க்கச் சொல்லுங்கோ, அரை நாள் போறது தெரியாது.

ஆனா அப்பிடிச் சேர்ந்து பாடின உடன எல்லாம் சரி எண்டு காட்டுறதுக்கு உங்களைப் பாவிக்க விடாதேங்கோ. 2017 பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர அம்மாமார் படத்தக் கையில வச்சுக்கொண்டு றோட்டோரம் இருக்கத் தொடங்கினவை. அதே வருசம் கேப்பாப்பிலவில பிலக்குடியிருப்புச் சனம், தங்கட காணியப் பிடிச்சு வச்சிருந்த விமானப்படை முகாம் வாசலில கொட்டில் போட்டு, ஒரு மாசம் சமைச்சுச் சாப்பிட்டு அங்கயே இருந்துதான் தங்கட காணிக்குள்ள போனது. ஒரு கல்லும் எறியேல்ல. உங்கட சமாதான நாடகத்தில அந்த அம்மாவுக்கு இடம் இல்லையெண்டா, அவவ எழும்பிப் போகச் சொல்லித்தான் நிகழ்ச்சி நடத்தலாம் எண்டு ஆராவது காசு தந்தா, வேண்டாதேங்கோ.

காசும் பெரிசா வேணாம். எங்களுக்கு ஒரு ஊருக்கு ஆறு நாள் பயிற்சி, ஒரு நாள் நாடகம். தேயிலை, சீனி, பிஸ்கற், ரெண்டு பாய், அண்ணாவியாரக் கூட்டிக்கொண்டு வந்து விடுற பெற்றோல், அவருக்கு ஒரு வேட்டி. மண்வெட்டி, குடம், போத்தல் எல்லாம் ஊரிலயே கேட்டு வாங்குங்கோ, ஆற்ற வீட்ட வாங்கினதோ அந்த வீட்டுக்காரர் தங்கட சாமான் மேடையில நிக்குது எண்டு பாக்க வருவினம். கடைசி நாள் இரவல் சாமானக் கழுவி, ஒவ்வொரு வீட்டையும் நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ, பெடியளிட்டக் குடுத்து விடாதேங்கோ, ஏனெண்டா கூட்டத்தில வாய் திறக்காத ஆக்கள் படலையடியில நிண்டுதான் கதைப்பினம், அடுத்த நாடகத்துக்குக் கதை அங்கதான் கிடைக்கும்.